ஏழாவது குப்பி

காலைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள் அம்மா. அந்தக் கேனில் இடித்துவிடக் கூடாது. பால் இல்லை, வேறு. கண்டக்டர் மாட்டுக்குச் சினை ஊசி போடுகிற கேனா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். நான் பொய் சொல்கிற ஆள் இல்லை. ஆனால் உண்மையை அவருக்கு விளங்க வைப்பதற்குள் ஆழியாறு வந்துவிடும். மேலும் அது முழுப் பொய்யும் இல்லை. கேன் அதே கேன்தான், அதற்குள் புகைகிற திரவ நைட்ரஜனும் அதேதான். உள்ளே தொங்குகிற சரக்கு மட்டும் வேறு.

இந்த மரத்தை எப்போது அறுத்து முடிப்பார்களோ. பதினெட்டாவது வளைவில் வந்தா விழ வேண்டும்? முன்னால் இருபது வண்டி நிற்கிறதாம். வாளோடு ஒரே ஒரு ஆள் வந்திருக்கிறாராம், மற்ற பதினைந்து பேர் அவருக்கு யோசனை சொல்கிறார்களாம்.

உங்கள் மடியில் இருக்கும் அந்த வழவழப்பான தாளைப் பார்த்ததனால்தான் பேசுகிறேன். இல்லாவிட்டால் பேருந்தில் நான் யாரிடமும் வாய் திறப்பதில்லை. பிரசவத்தின்போது தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்துப் பத்திரப்படுத்தி வைக்கச் சொல்கிறார்கள், அப்படித்தானே? ஸ்டெம் செல் என்று கொட்டை எழுத்தில் போட்டு, பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் குழந்தையைச் சிரிக்க வைத்திருக்கிறார்கள். பொள்ளாச்சிக்கு ஸ்கேனுக்குப் போகிற வழியில் இதையும் கேட்டுவரச் சொல்லி உங்கள் கணவர் அனுப்பியிருக்கிறார். என்னைக் கேட்டால், வேண்டாம். உங்கள் இரண்டு பேர் வீட்டிலும் ரத்த நோய் கிடையாது என்கிறீர்கள். அப்படியானால் அவர்கள் விற்பது உங்களுடைய பயத்தை. அதை உங்களிடமே விற்கிறார்கள். முகத்தில் அடித்தாற்போலச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். என் வாய் அப்படி. எட்டு ஆண்டு பதவி உயர்வைத் தின்ற வாய் இது.

யோகேஸ்வரியா? நல்லது. என் பெயர் மனோரஞ்சிதம். கால்நடை மருத்துவர், அதற்கு மேல் உயிரணு ஆராய்ச்சியில் முனைவர் பட்டம். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற யானைகள் முகாமில் நான்கு ஆண்டாக இருக்கிறேன்.

அந்தத் தாளில் போட்டிருக்கிறதே ஸ்டெம் செல், அதைத் தமிழில் குருத்தணு என்பார்கள். உடம்பில் ஒவ்வோர் அணுவும் ஒரு தீர்மானத்துக்கு வந்துவிடுகிறது: நான் தோல், நான் ரத்தம், நான் எலும்பு என்று. குருத்தணு இன்னும் தீர்மானிக்காதது. என் வேலை என்னவென்றால், தீர்மானித்துவிட்ட ஓர் அணுவைப் பிடித்து, அந்தத் தீர்மானத்தை மறக்கச் செய்து, மறுபடியும் குருத்தாக்குவது. பிறகு நமக்கு எது வேண்டுமோ அதுவாக வளர்ப்பது. அணுக்களிடம் இது நடக்கிறது. மனிதர்களிடம் நடப்பதில்லை, பிடித்த பிடியை விடமாட்டார்கள்.

இந்தக் கேனில் ஏழு குப்பிகள் இருக்கின்றன. விரல் நீளம்கூட இராது ஒவ்வொன்றும். ஆறில் இருப்பவை மொட்டு என்கிற யானைக்குட்டியின் குருத்தணுக்கள். இரண்டரை வயதுப் பெண் குட்டி. செத்து எட்டு மாதமாகிறது. அவளுடைய அணுக்கள் சாகவில்லை. ஆய்வகத்தில் கொடுத்த கண்ணாடித் தட்டிலெல்லாம் பெருகுகின்றன. நான் நுண்ணோக்கியில் பார்த்தேன், ரத்தக் குழாயின் உள்சுவராக மாறி, தாமாகவே வரிசை கட்டி, சின்னச் சின்னக் குழாய்களாகச் சுருண்டு நிற்கின்றன. இன்று மாலைக்குள் கோயம்புத்தூர் விமான நிலையத்தில் இந்தக் கேனை ஒப்படைத்தாக வேண்டும். அங்கிருந்து பெரிய ஆய்வகத்துக்குப் போகும். அதற்காகத்தான் நான்கு ஆண்டு.

எதற்கு என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. எங்கள் துறையில் பலர் கேட்காத கேள்வி.

யானைக்குட்டிகளுக்கு ஒரு வைரஸ் நோய் வருகிறது. பெரிய யானைகள் பலவற்றின் உடம்பில் அந்த வைரஸ் ஒரு தொல்லையும் செய்யாமல் ஒதுங்கிக் கிடக்கும். பால்குடி மறக்கிற பருவத்துக் குட்டியிடம் வந்தால் ரத்தக் குழாய்களின் உள்சுவரைத் தின்றுவிடும். காலையில் விளையாடிய குட்டிக்கு மாலையில் தலை வீங்கும், நாக்கு நாவற்பழம் தின்றதுபோல ஊதாவாகும், மறுநாள் இருக்காது. மருந்து உண்டு, ஆனால் முந்திக்கொண்டு கொடுக்க வேண்டும். தடுப்பூசி தேடுவதில் ஒரு பெரிய முட்டுக்கட்டை: இந்த வைரஸை ஆய்வகத்தில் வளர்க்க முடியவில்லை. எந்தத் தட்டில் போட்டாலும் முரண்டு பிடிக்கிறது. அதற்கு யானையின் ரத்தக் குழாய்ச் சுவர்தான் வேண்டும். உயிரோடிருக்கிற குட்டியின் ரத்தக் குழாயை யார் அறுத்துத் தருவார்கள்? ஆகவே குருத்தணு. ரத்தத்திலிருந்து குருத்து, குருத்திலிருந்து குழாய்ச் சுவர், அதில் வைரஸ், அதன்மேல் மருந்து. காட்டில் எஞ்சியிருக்கிற யானைகள் எத்தனை என்று உங்களுக்குத் தெரியாது. எண்ணுகிறவர்களுக்கே சரியாகத் தெரியாது. பத்துக் குட்டி பிறந்து மூன்றை இந்த நோய் கொண்டுபோனால் எந்தச் சரணாலயம் எதைக் காப்பாற்றும்?

சரி. இப்போது சடையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாமலும் விடலாம்; ஆனால் என்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்பது உங்கள் எஸ்டேட் வரைக்கும் வந்திருக்கும். வந்திருக்கிறதா? உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

மொட்டுவின் தாய் பைரவி. பைரவியின் பாகன் சடையன். முகாமில் மாவுத்தர் என்பார்கள். என்னைவிடப் பத்து வயது மூத்தவன். படிக்கத் தெரியாது. குட்டியிடம் வாரம் ஒருமுறை, செவ்வாய்க்கிழமை, காது நரம்பில் ரத்தம் எடுப்பது என்று நான் ஏற்பாடு செய்தபோது, முகாமில் எல்லோரும் குட்டியைக் கட்டக் கயிறு தேடினார்கள். சடையன் மட்டும் ஐந்து மாதம் வேண்டும் என்றான். ஐந்து மாதம் தினமும் காலையில் குட்டியை மரத்தடிக்கு அழைத்துவந்து, வெல்லம் போட்ட ராகி உருண்டையைக் கொடுத்துக்கொண்டே காதைத் தடவுவான். பிறகு காதை விரலால் தட்டுவான். பிறகு ஒரு முள்ளால் தொடுவான். ஐந்தாம் மாதம் குட்டி தானாக வந்து, தானாகக் காதைக் கொடுத்தாள். நானே அசந்துபோனேன். அதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

அதில் ஓர் ஒப்பந்தம் இருந்தது. குட்டி மூன்று தடவை காதை இழுத்துக்கொண்டால் அன்றைக்கு அவ்வளவுதான். உருண்டையைக் கொடுத்து அனுப்பிவிட வேண்டும். யாரோடு ஒப்பந்தம் என்று கேட்டேன். குட்டியோடு என்றான். நான் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை.

ஒவ்வொரு செவ்வாயும் இரண்டு குழாய். ஊதா மூடிக் குழாய் நோய்ச் சோதனைக்கு. அது கோயம்புத்தூர் போய் வியாழக்கிழமை முடிவு வந்துவிடும். பச்சை மூடிக் குழாய் என் குருத்தணுவுக்கு. பச்சையில் இருக்கிற மருந்து ரத்தத்தை உறையவிடாது, அணுக்களுக்கு நல்லது, ஆனால் நோய்ச் சோதனையைக் கெடுத்துவிடும். ஆகவே இரண்டும் வேண்டும். முதலில் ஊதா, பிறகு பச்சை. அது என் சொந்த விதி. சுவரில் எழுதி ஒட்டியதும் நான்தான்.

பதினோரு வாரம் ஊதா சுத்தமாக வந்தது. ஒரு துளி வைரஸ் இல்லை. பதினோரு வாரமும் பச்சை தோற்றது. குட்டிக்கு இரண்டாவது குழாய்க்குள் பொறுமை போய்விடும், பாதிதான் நிறையும். பாதி ரத்தத்தில் குருத்தணு எழும்பாது. ஆய்வகத்திலிருந்து கடிதம் வந்தது: அடுத்த மாதிரியும் தேறாவிட்டால் திட்டத்தை வேறு முகாமுக்கு மாற்றிவிடுவோம் என்று. அடுத்த மாதிரி எடுக்கிற நாள் அக்டோபர் பதினான்காம் தேதி. ஆகவே அன்றைக்கு மட்டும் பச்சையை முதலில் எடுத்தேன். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

ரத்தம் நன்றாக ஓடியது. பச்சை விளிம்பு வரை நிறைந்தது. குழாயை மாற்றுவதற்குள் குட்டி காதை இழுத்துக்கொண்டாள். ஒன்று. மறுபடி பிடித்தோம், இரண்டு. மூன்றாவது தடவை திரும்பிப் போய்த் தாயின் வயிற்றுக்குக் கீழே நின்றுகொண்டாள். கட்டிப்போடு, ஐந்தே நிமிடம் என்றேன். சடையன் கயிற்றைத் தொடவில்லை.

“கட்டுனா இன்னிக்கு ரத்தம் கெடைக்குமுங்க டாக்டரம்மா. அடுத்த வாரம் புள்ள கெடைக்காதுங்க” என்றான்.

அடுத்த வாரம் பிள்ளையே இல்லை. அது வேறு கதை.

இதை நீங்கள் கவனிக்க வேண்டும், யோகேஸ்வரி. நான் கேட்டபோது அவன் கட்டியிருந்தால் ஊதாவும் நிறைந்திருக்கும். யாரால் நிறையவில்லை? குட்டி செத்த பிறகு வந்த விசாரணைக் குழுவில் நான் இதைச் சொல்லவில்லை. அவனுக்காகத்தான் சொல்லவில்லை. அந்த நல்லெண்ணத்தை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆய்வறை வாசலில் வந்து நின்றான். உள்ளே வரமாட்டான், செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில்தான் நிற்பான். அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தட்டில் அணுக்கள் ஒட்டியிருந்தன. பதினோரு வாரம் ஒட்டாதவை ஒட்டியிருந்தன. நான் கண்ணை எடுக்கவில்லை. என்ன என்றேன். குட்டி தூங்கும்போது தும்பிக்கையை வாயில் வைத்துக்கொள்வதில்லை என்றான். குழந்தை விரல் சூப்புவதுபோல யானைக்குட்டி தும்பிக்கையைச் சூப்பும். மொட்டு பிறந்ததிலிருந்து அப்படித்தான் தூங்குவாளாம். இரண்டு நாளாகத் தும்பிக்கையைத் தரையில் போட்டுத் தூங்குகிறாளாம். சாப்பிடுகிறாளா என்று கேட்டேன். சாப்பிடுகிறாள். சாணம்? சரியாக இருக்கிறது. வீக்கம்? இல்லை. என்னிடம் நோய்க்குறிப் படிவம் ஒன்று உண்டு, பதினான்கு அறிகுறிகள். அதில் தும்பிக்கை சூப்புவது பற்றி ஒன்றுமில்லை. பிள்ளைகள் வளர்ந்தால் விரல் சூப்புவதை விடும், யானை மட்டும் விடாதா என்று கேட்டு அனுப்பிவிட்டேன். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

திங்கட்கிழமை காலை தலை வீங்கியிருந்தது. நாக்கை இழுத்துப் பார்த்தேன். ஓரம் முழுக்க ஊதா. மருந்து இருந்தது, முந்நூறு மாத்திரை, பெட்டியைக்கூட உடைக்கவில்லை. இடித்துக் கரைத்துக் குழாய் வழியாகக் கொடுத்தோம். பைரவியின் ரத்த நீரை, பிளாஸ்மா என்பார்களே, அதை எடுத்துக் குட்டிக்கு ஏற்றினோம். சடையன் ஓர் இரவும் அரைப் பகலும் குட்டியின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தான். நூற்றுக்கணக்கான கிலோ உள்ள பிள்ளையின் தலை அது. அவன் தொடை மரத்துப்போய், எழுந்திருக்க முடியாமல் இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை, ரத்தம் எடுக்கிற நேரத்துக்கு, முடிந்துபோயிற்று.

அதன் பிறகு அறிக்கை. அறிக்கையில் நான் ஒரு பொய்கூட எழுதவில்லை. வேண்டுமானால் நகலைக் காட்டுகிறேன், பையில் இருக்கிறது. ‘பதினான்காம் தேதி வாராந்திர ரத்த மாதிரி எடுக்கப்பட்டது.’ எடுக்கப்பட்டதா இல்லையா? எடுக்கப்பட்டது. ‘படிவத்தில் கண்ட அறிகுறிகள் எதையும் பாகன் தெரிவிக்கவில்லை.’ தெரிவித்தானா? இல்லை. இதில் பொய் எங்கே இருக்கிறது? ரத்தம் எடுத்தார்கள் என்றால் சோதனையும் செய்திருப்பார்கள், அதில் ஒன்றும் இல்லாமல் இருந்திருக்கும் என்று குழுவே முடிவு செய்துகொண்டது. மூன்று பெரிய அதிகாரிகள். ஒருவராவது சோதனை முடிவு எங்கே என்று கேட்டிருக்கலாமே. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்ட எந்தக் கேள்விக்கும் நான் பதிலை மறைத்ததில்லை. அது என் சுபாவத்தில் இல்லை.

சடையனையும் கூப்பிட்டார்கள். ஏதாவது வித்தியாசம் பார்த்தாயா? பார்த்தேன் என்றான். யாரிடம் சொன்னாய்? டாக்டரம்மாவிடம். என்ன சொன்னாய்? தும்பிக்கையை வாயில் வைக்கவில்லை என்று சொன்னேன். ஓர் அதிகாரி சிரித்தார். இது நோய்க்குறியா என்று என்னைக் கேட்டார். படிவத்தில் இல்லை என்றேன். உண்மைதானே?

அவனைப் பைரவியிடமிருந்து பிரித்து, தீவனம் வெட்டுகிற வேலையில் போட்டார்கள். பைரவி புதிய மாவுத்தரை ஏறவிடவில்லை. இரண்டு பேரைத் தள்ளியாகிவிட்டது. வருகிற திங்கட்கிழமை தலைமை அலுவலகத்தில் கடைசி முடிவு. வேலையை விட்டே அனுப்பிவிடுவார்கள் என்றுதான் பேச்சு. கவனக்குறைவால் அரசு யானை இறக்கக் காரணமானவன். அந்த வீட்டில் மூன்று தலைமுறையாக யானையைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை.

முகாமில் யாரும் என்னை ஒன்றும் சொல்வதில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும், மரியாதையான ஜனங்கள். ஆனால் காலநேரம் சரியில்லை. இன்றைக்கு ஜீப் கேட்டேன்; ஓட்டுநருக்குக் காய்ச்சல். அதனால்தான் இந்தக் கேனைத் தூக்கிக்கொண்டு பேருந்துக்கு வந்தேன். சாலை வரைக்கும் கேனைத் தூக்கிவர ஓர் ஆள் கேட்டேன். எல்லோருக்கும் இடுப்பு வலி. நான்கு மாதமாகச் சமையற்காரருக்குப் பல்வலி, எனக்கு மட்டும் காபி வருவதில்லை. மலைக்காற்று, ஒருவருக்கு வந்தால் எல்லோருக்கும் வருகிறது.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

சடையன் ஒன்றை மறைத்துவிட்டான், அதைத்தான் சொல்ல வந்தேன். குழுவிடம் சொல்லாமல் மறைத்தான். அந்தப் பதினான்காம் தேதி நான் பச்சைக் குழாயை முதலில் கையில் எடுத்தபோது, அவன் பார்த்துவிட்டான். படிக்கத் தெரியாதவன்தான், ஆனால் பதினோரு வாரமாக வரிசையைப் பார்த்திருக்கிறான். “ஊதா மொதல்லீங்களே டாக்டரம்மா” என்றான். நீ குட்டியைப் பார், குழாயை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். இந்தப் பேச்சை அவன் குழுவிடம் சொல்லியிருந்தால் அன்றைக்கே எல்லாம் தலைகீழாகியிருக்கும். சொல்லவில்லை. தும்பிக்கையைச் சொன்னான், ஊதாவைச் சொல்லவில்லை. வெளியே வந்ததும் ஏன் சொல்லவில்லை என்று நானே போய்க் கேட்டேன். என்ன சொன்னான் தெரியுமா?

“நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேனுங்க.”

இது மரியாதையா, மிரட்டலா? எட்டு மாதமாக எனக்கு விளங்கவில்லை. மிரட்டல் என்றால் பிறகு ஒரு வார்த்தையாவது வந்திருக்க வேண்டும். வரவில்லை. எதிரில் பார்த்தால் தீவனக் கட்டை இறக்கி வைத்துவிட்டு ஓரமாக நிற்கிறான்.

கொஞ்சம் அந்த ஜன்னலை முழுக்கத் திறந்துவிடுங்கள். மூடியைத் திறக்கப் போகிறேன். பயப்பட ஒன்றுமில்லை, குளிர்ப் புகை மட்டும்தான். இந்த மர அளவுகோலை உள்ளே விட்டு வெளியே எடுத்தால், எதுவரை வெள்ளையாகப் பனி பூக்கிறதோ அதுவரை நைட்ரஜன் இருக்கிறது என்று அர்த்தம். காலையில் நான்கு விரல் இருந்தது. இப்போது... இரண்டு. இரண்டுகூட இல்லை. பழைய கேன்; நல்லதைப் போன மாதமே வேறு பிரிவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மரத்தை இன்னும் இரண்டு மணி நேரத்தில் நகர்த்தாவிட்டால் போய்விடும்.

ஏழும் போய்விடுமா என்கிறீர்கள். ஆறு போய்விடும். உருகினால் குருத்தணு செத்துவிடும்.

ஏழாவது போகாது.

ஏழாவதில் இருப்பது அணு இல்லை. அந்தப் பச்சைக் குழாயில் அணுக்களைப் பிரித்தெடுத்த பிறகு மேலே தங்கிய ரத்த நீர். வழக்கமாகக் கொட்டிவிடுவார்கள். நான் கொட்டவில்லை. எதையும் கொட்டாமல் வைப்பது மாணவப் பருவத்திலிருந்தே என் பழக்கம். பச்சை மருந்து சோதனையைக் கெடுக்கும் என்றேனே, பெரிய ஆய்வகத்தில் அந்த மருந்தை நீக்கிவிட்டுச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. பதினான்காம் தேதியன்று மொட்டுவின் ரத்தத்தில் வைரஸ் இருந்ததா இல்லையா என்று அந்த நீர் சொல்லும். உருகினாலும் சொல்லும். வெந்நீரில் போட்டால்கூட ஓரளவு சொல்லும். நான் காப்பாற்ற நினைப்பதெல்லாம் செத்துப்போய், அது மட்டும் பேசும்.

நான் சிரிக்கவில்லை. குளிரில் முகம் அப்படி இழுத்துக்கொள்கிறது.

அதில் வைரஸ் இல்லாவிட்டால் எனக்கு விடுதலை. ஊதாவை எடுத்திருந்தாலும் சுத்தமாகத்தான் வந்திருக்கும், நோய் பிறகுதான் வந்தது என்று சொல்லிவிடலாம். இருந்தால்? இருந்தால் அது பொக்கிஷம், யோகேஸ்வரி. ஒரே குட்டியின் குழாய்ச் சுவரும் அந்தக் குட்டியைக் கொன்ற வைரஸும் ஒரே கேனில். எனக்குத் தெரிந்து வேறெவரிடமும் இல்லாத ஜோடி. இந்த நோயை அடக்க அதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. விஞ்ஞானியாக, அந்த வைரஸ் அதில் இருக்க வேண்டும் என்று வேண்டுகிறேன். மனுஷியாக, அது இருக்கக் கூடாது என்று வேண்டுகிறேன். எட்டு மாதமாக இரண்டையும் ஒரே வாயால் வேண்டிக்கொண்டிருக்கிறேன். எந்தச் சாமிக்கு என்ன விளங்கும்?

என்ன கேட்டீர்கள்? சத்தமாகக் கேளுங்கள்.

ஊதாவை எடுத்திருந்தால் வியாழக்கிழமை தெரிந்திருக்குமா.

தெரிந்திருக்கும்.

வைரஸ் இருந்திருந்தால் வியாழக்கிழமை தெரிந்திருக்கும். வெள்ளிக்கிழமை சடையன் வாசலில் வந்து நின்றபோது என் கையில் காகிதம் இருந்திருக்கும். மாத்திரைப் பெட்டியைத் திங்கட்கிழமைக்குப் பதிலாக வியாழக்கிழமை உடைத்திருப்பேன். நான்கு நாள். நான்கு நாள் முந்திக்கொண்டால் பிழைத்த குட்டிகள் இருக்கின்றன, பிழைக்காதவையும் இருக்கின்றன. யாரும் எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியாது.

நீங்கள் மிகச் சாதாரணமாகக் கேட்டுவிட்டீர்கள். மூன்று பேர் மேசை போட்டு உட்கார்ந்து கேட்காத கேள்வி. கேட்டால் சொல்லியிருப்பேன் என்று இப்போதுதானே உங்களிடம் பெருமையடித்தேன்.

இந்தக் கேனோடு ஒரு படிவம் போகிறது. ஒரு நகல் தலைமை அலுவலகத்துக்கும் போகும், திங்கட்கிழமைக்குள் போய்ச் சேர்ந்துவிடும். குருத்தணுக் குப்பிகளுக்கு எண்ணும் பெயரும் போதும். ஆறு வரியும் நிரப்பிவிட்டேன். ரத்த நீருக்கு மட்டும் கூடுதலாக மூன்று கட்டம்: எடுத்த தேதி, அந்த வார நோய்ச் சோதனையின் முடிவு, குறிப்பு. மூன்றும் காலி. காலியாக அனுப்பினால் அடையாளம் தெரியாத மாதிரி என்று ஓரமாக வைத்துவிடுவார்கள். சோதிக்க மாட்டார்கள். அதற்காக நான் காலியாக விட்டேன் என்று சொல்லவில்லை. நேரமில்லை. எட்டு மாதமாக நேரமில்லை.

அது என்ன சத்தம்? வாள் சத்தம் நின்றுவிட்டது. ஆள்கள் வண்டிக்குத் திரும்பி ஓடிவருகிறார்கள். நகர்த்திவிட்டார்கள் போலிருக்கிறது. இப்போது கிளம்பினால் ஆறும் பிழைத்துவிடும்.

உங்களிடம் பேனா இருக்கிறதா? அந்த வழவழப்புத் தாளைக் கொடுங்கள், அடியில் வைத்துக்கொள்ள ஏதாவது வேண்டும். அந்தத் தாளுக்கு இதைவிட நல்ல உபயோகம் வராது. இல்லை, நீங்களே எழுதுங்கள். அளவுகோலைப் பிடித்ததில் எனக்கு விரல் மரத்துவிட்டது. பத்தாம் வகுப்பு வரை படித்தேன் என்றீர்களே, போதும். தமிழிலேயே எழுதுங்கள், அவர்கள் படிக்க ஆள் வைத்துக்கொள்ளட்டும்.

ஏழாம் எண். தேதி: அக்டோபர் பதினான்கு, செவ்வாய். எழுதிவிட்டீர்களா? அடுத்த கட்டம், சோதனை முடிவு. ‘செய்யப்படவில்லை.’ ஆமாம், அவ்வளவுதான். ‘எடுக்கப்பட்டது’ என்று அல்ல. அது என் பழைய வாக்கியம். செய்யப்படவில்லை.

மூன்றாவது, குறிப்பு. சிறிய கட்டம்தான். எழுதுங்கள்: யாராக இருந்தாலும் அதைத்தான்...

வேண்டாம். அடித்துவிடுங்கள். நன்றாக அடியுங்கள், தெரியக் கூடாது.

‘ஊதாக் குழாயை முதலில் எடுக்கும்படி மாவுத்தர் சடையன் அன்றே சொன்னார். மருத்துவர் மனோரஞ்சிதம் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமையும் அவர் வந்து சொன்னார். அப்போதும் கேட்கவில்லை.’

வண்டி உறுமுகிறது, சீக்கிரம். வளைவில் திரும்பினால் எழுத்துக் கோணிவிடும். இடம் போதவில்லையா? சடையன் பெயர் முழுதாக இருக்கட்டும். என் பெயரைச் சுருக்கிக்கொள்ளுங்கள்.